ஒரு சாண் நீர்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், பீட்டர்பரோ நகருக்குத் தெற்கே ஹோம் ஃபென் என்றொரு சதுப்புக்காடு இருக்கிறது. பக்கத்தில் கிடந்த விட்டில்சி ஏரியை வடித்து விளைநிலமாக்கிய சமயத்தில், நீர் போனபின் தரை எவ்வளவு அமிழும் என்று பார்க்க அங்கே ஒரு வார்ப்பிரும்புத் தூணை நட்டார்கள். ஆண்டு 1851. தூணின் கால் அடிக்களிமண்ணில் ஊன்றியிருந்தது. தலை தரையோடு தரையாக இருந்தது. இன்று அந்தத் தலையைத் தொட ஏணி வேண்டும். ஏறத்தாழ 4 மீட்டர் உயரம்.

நீர் வடிந்த மண் முதலில் சுருங்கும். சுருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. மீதி மண் எங்கே போயிற்று? பெரும்பகுதி காற்றாகிப் போயிற்று. பல ஆயிரம் ஆண்டுகள் நீருக்கடியில் மட்காமல் கிடந்த செடிகொடிகள், காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்களுக்கு இரையாகி, கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பிவிட்டன. இத்தகைய மண் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே அதிகம். சுருக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சேமிப்பு நூற்றெழுபது ஆண்டுகளில் செலவாகியிருக்கிறது.

ஈரநிலங்களின் கார்பன் வரவுசெலவு பற்றி இன்று எழுதப்படும் முனைவர்பட்ட ஆய்வேடுகள் பலவும் சுற்றிச் சுற்றி இந்தத் தூணடியில்தான் வந்து நிற்கின்றன. வெப்பம் ஏறும் உலகில் ஈரநிலம் கார்பனைப் பிடித்து வைக்குமா, விட்டுவிடுமா? ஒருவர் வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கிறார். ஒருவர் நுண்ணுயிர்களின் மரபணுக்களைப் படிக்கிறார். ஒருவர் செயற்கைக்கோள் படங்களை அடுக்கி வைத்து எண்ணுகிறார். இவை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது ஒன்று: வெப்பமானியைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு நீர்மட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஈரநிலத்தில் வெப்பம்கூடப் பெரும்பாலும் நீரின் வழியாகத்தான் வேலை செய்கிறது.

முதலில் அந்த மண்ணைப் பற்றி. ஆங்கிலத்தில் பீட். நம் கலைச்சொல் அகராதிகள் முற்றா நிலக்கரி என்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தவருக்கு நிலக்கரி நினைவுக்கு வராது. டிகாஷன் இறங்கியபின் ஃபில்டரில் மிஞ்சும் காப்பிச் சக்கைதான் நினைவுக்கு வரும். ஆகவே பீட் என்றே எழுதுகிறேன். அது எவ்வளவு மட்கியிருக்கிறது என்று அறிய, ஸ்வீடன் ஆய்வாளர் லென்னார்ட் வான் போஸ்ட் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழிய வேண்டும். தெளிந்த நீர் சொட்டினால் மட்காதது; விரலிடுக்கில் முழுவதும் சேறாகவே பிதுங்கினால் நன்றாக மட்கியது. ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். இலட்சக்கணக்கில் விலைபோகும் கருவிகளோடு சதுப்புக்குள் இறங்கும் ஆய்வு மாணவரும் முதலில் செய்வது இந்தப் பிழிதலைத்தான்.

உலக நிலப்பரப்பில் பீட் படிந்த இடங்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு. அதில் அடங்கிய கார்பன் சுமார் 50,000 முதல் 60,000 கோடி டன் வரை என மதிப்பிடுகிறார்கள். உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்தும் அவ்வளவு கார்பனைத் தாங்கி நிற்கவில்லை. இவ்வளவும் சேர்ந்ததற்கு அடிப்படைக் காரணம் சாதாரணமானது: நீரில் ஆக்சிஜன் மெதுவாகத்தான் இறங்கும். மேல்மட்டத்து உயிர்கள் இருக்கிற கொஞ்சத்தையும் தின்று தீர்த்துவிட, கீழே இருப்பவற்றுக்கு எதுவும் மிஞ்சாது. மட்கும் வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது.

ஆக்சிஜன் இல்லாதது மட்டும் காரணம் இல்லை என்று 2001இல் ஒரு விளக்கம் வந்தது. வேல்ஸ் நாட்டு பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமனும் அவர் குழுவினரும் ஒரு நொதியைச் சுட்டிக்காட்டினார்கள். ஃபீனால் சேர்மங்களை உடைக்கும் அந்த நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாதபோது ஃபீனால்கள் உடையாமல் குவிகின்றன. குவிந்த ஃபீனால்கள், ஆக்சிஜனே தேவைப்படாத மற்ற நொதிகளையும் முடக்கிப்போடுகின்றன. ஆக, ஒரே ஒரு நொதி தாழ்ப்பாள்போல் முழுக் களஞ்சியத்தையும் பூட்டி வைத்திருக்கிறது. நீர் இறங்கினால் தாழ்ப்பாள் திறக்கும். அழகான கருத்து. அழகான கருத்துகளுக்கு நேர்வது இதற்கும் நேர்ந்தது. 2017இல் சீன ஆய்வாளர்கள், இரும்புச்சத்து மிகுந்த ஈரநிலங்களில் நீர் இறங்கும்போது இரும்பு ஆக்சைடுகள் உருவாகி, செடிகளுக்கு உறுதி தரும் லிக்னினைப் பற்றிக்கொண்டு காக்கின்றன என்று காட்டினார்கள். அதற்கு இரும்புக் கதவு என்று பெயரும் வைத்தார்கள். தாழ்ப்பாள் திறக்கும் நேரத்தில் கதவு மூடுகிறது. எது எங்கே வெல்லும் என்பது அந்தந்த மண்ணைப் பொறுத்தது. இன்றைய மாணவர்கள் பலர் அந்த 'அந்தந்த' என்ற சொல்லுக்குள்தான் தங்கள் ஆய்வேட்டுக்கு இடம் தேடுகிறார்கள்.

இது வரை ஈரநிலம் நல்லபிள்ளை. மறுபக்கம் மீத்தேன்.

1776இல் இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா. மின்கலம் செய்த அதே வோல்டாதான். நம்மூரில் இருட்டிய சதுப்பைக் கடக்கிறவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லி விலகிப்போனதற்கு அவர் விலகாமல் பக்கத்தில் போய் நின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை நெடுங்காலம் பாக்டீரியாக்கள் என்றே எண்ணியிருந்தார்கள். 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் அவற்றை ஆராய்ந்து, இவை பாக்டீரியாவே அல்ல, உயிர்மரத்தில் வேறொரு பெருங்கிளை என்றார்கள். ஆர்க்கியா என்ற அந்தக் கிளையை நமக்கு முதலில் காட்டியவை சேற்றுக்குள் மீத்தேன் ஆக்கும் உயிர்கள்தாம்.

சேற்றின் அடியில் உண்டாகும் மீத்தேன் மேலே வர மூன்று வழிகள். நீரில் கரைந்து மெல்ல ஊறி வரலாம். குமிழியாகத் திடீரென்று கிளம்பலாம். அல்லது சம்பு, கோரை, நெல் போன்றவற்றின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியாக ஏறலாம். வேருக்குக் காற்றுக் கொண்டுபோகச் செடி வைத்திருக்கும் அதே குழாயில் எதிர்ப்பக்கமாக மீத்தேன் வருகிறது. மெல்ல ஊறி வருவது மட்டும் வழியில் மாட்டிக்கொள்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே காற்றோட்டமுள்ள மண் ஒரு சாண் இருந்தால் போதும், மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

ஆகக் கணக்கு இப்படி முறுக்கிக்கொள்கிறது. நீர் ஏறினால் மட்குதல் நிற்கும், மீத்தேன் கூடும். நீர் இறங்கினால் மீத்தேன் நிற்கும், சேமித்த கார்பன் எரிய ஆரம்பிக்கும். மீத்தேன் காற்றில் தங்குவது ஏறக்குறைய பத்தாண்டு. அந்தக் குறுகிய காலத்தில் கடும் வெப்பத்தைப் பிடிக்கும்: எடைக்கு எடை பார்த்தால், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு. எந்தக் கெடுவை வைத்துக் கணக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சதுப்பு நல்லதாகவும் கெட்டதாகவும் தோன்றும். ஈரநிலம் கார்பனை ஈர்க்கிறதா, உமிழ்கிறதா என்று ஒற்றை வரி விடை கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்க விரும்புவது, எத்தனை ஆண்டுக் கணக்கில் என்பதுதான். பழஞ்சதுப்பு ஒன்றில் மீத்தேன் ஆண்டுதோறும் சீராக வந்துகொண்டிருந்தால் காற்றில் அது ஒரு மட்டத்துக்கு மேல் சேராது, பழையது அழியப் புதியது வரும். மண்ணில் சேரும் கார்பனோ கூடிக்கொண்டே போகும். அதனால்தான் கடந்த பல்லாயிரம் ஆண்டுகளில் வடபுலத்துப் பீட் நிலங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்வித்தன.

வெப்பத்தைக் கூட்டிப் பார்த்த சோதனைகளில் தலைசிறந்தது அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கிய ஸ்ப்ரூஸ். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் அந்நாட்டு வனத்துறையும் சேர்ந்து, மார்செல் ஆய்வுக்காட்டின் சதுப்பொன்றில் மேலே திறந்த பத்து அறைகளை எழுப்பின. மரம் உள்ளே அடங்கும் அளவுக்குப் பெரியவை. காற்றை மட்டும் இல்லை, 2 மீட்டருக்கும் கீழே மண்ணையும் சூடேற்றினார்கள்: 2.25, 4.5, 6.75, 9 டிகிரி செல்சியஸ் எனப் படிப்படியாக. 2014இல் அடிமண்ணில் தொடங்கி, 2015இல் மேலே காற்றுக்கும் விரித்தார்கள். பின்பு பாதி அறைகளில் கார்பன் டை ஆக்சைடையும் கூட்டினார்கள்.

முதலில் வந்த முடிவு ஆறுதல் தந்தது. அடிமண்ணைச் சூடேற்றியும் ஆழத்தில் கிடந்த பழைய கார்பன் அசையவில்லை. கூடிய மீத்தேன், அண்மையில் செடிகள் உண்டாக்கிய புதிய உணவிலிருந்து மேல்மட்டத்தில் பிறந்தது என்று ரேடியோ கார்பன் அளவீடு சொன்னது. சில ஆண்டுகளில் ஆறுதல் குறைந்தது. முழுச்சூழலும் வெப்பமேறியபோது, காலங்காலமாகக் கார்பன் சேர்த்துவந்த அந்தச் சதுப்பு, சேர்த்த வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் இழக்கத் தொடங்கியது. சூடு கூடக்கூட இழப்பும் கூடியது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது பாசியின் கதை. அந்தச் சதுப்பைக் கட்டியதே ஸ்ஃபேக்னம் என்ற பாசி. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் உயிருள்ள பஞ்சு. வெப்பமான அறைகளில் பாசி காய்ந்து வெளிறி மறைய, புதர்ச்செடிகள் செழித்தன. சூடு நேராக வந்து மண்ணைச் சுடுவதற்குமுன், நீரைப் பிடித்துவைத்த கையைத் தட்டிவிட்டது.

இதற்கு நேர்மாறாக நடப்பது ஸ்வீடனின் வடகோடியில், அபிஸ்கோ அருகே ஸ்டோர்டலென் சதுப்பில். அங்கே அடியில் உறைமண். அது உருகினால், மேடாக நின்ற நிலம் சரிந்து குழியாகி நீர் தேங்குகிறது. புதர் இருந்த இடத்தில் கோரை வருகிறது, மீத்தேன் பொங்குகிறது. மீத்தேன் ஆக்கும் புதிய ஆர்க்கியா ஒன்று அந்த உருகும் மண்ணிலிருந்து அடையாளம் காணப்பட்டு, 2014இல் அதற்கு மெத்தனோஃப்ளோரென்ஸ் ஸ்டோர்டலென்மிரென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். ஊர்ப்பெயர் சுமக்கும் நுண்ணுயிர். வெப்பம் இரண்டு இடத்திலும் ஏறுகிறது. ஓரிடத்தில் நீர் போகிறது, ஓரிடத்தில் நீர் வருகிறது. விளைவுகள் எதிரெதிர் வாயுக்களாகக் கிளம்புகின்றன. வெப்பத்தை மட்டும் உள்ளிட்டு விடை கேட்கும் மாதிரிகள் ஈரநிலத்தில் தடுமாறுவது இதனால்தான்.

நீர்மட்டத்தின் ஆட்சியை எண்ணிக்கையாகவே சொன்னது 2021இல் கிறிஸ் எவன்ஸ் குழுவினர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை. வடிகால் வெட்டிய பீட் நிலத்தில் நீர்மட்டத்தை 10 செ.மீ. உயர்த்தினால், ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் குறைந்தது 3 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான உமிழ்வு குறையும். நீர் தரைக்கு 30 செ.மீ. கீழே எட்டும் வரை இந்தக் கணக்கு செல்லும்; அதற்கு மேலே உயர்த்தினால் மீத்தேனையும் எடை போட வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு ஆய்வாளர்கள், மீத்தேன் வந்தாலும் பரவாயில்லை, வடிந்த பீட்டை உடனே நனைப்பதே நல்லது என்று காட்டியிருந்தார்கள். காரணம் முன்சொன்ன கெடுதான்: மீத்தேன் போய்விடும், கார்பன் டை ஆக்சைடு தங்கிவிடும்.

நனைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா. காலிமந்தானின் நடுப்பகுதியில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்கும் திட்டத்தை 1995இல் சுகார்த்தோ அரசு அறிவித்தது. பீட் காட்டின் குறுக்கே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். கால்வாய்கள் வயலுக்கு நீர் கொண்டுவரவில்லை. காட்டின் நீரை ஆற்றுக்கு வடித்தன. நெல் விளையவில்லை. 1997இல் எல் நினோ வந்து மழை பொய்த்தபோது நிலம் பற்றியது. பீட்டில் தீ சுடர்விட்டு எரியாது. உமி மூட்டம்போல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும். அந்த ஆண்டு இந்தோனேசியத் தீயில் வெளியேறிய கார்பன் 81 முதல் 257 கோடி டன் வரை என்று சூசன் பேஜ் குழுவினர் 2002இல் மதிப்பிட்டார்கள். உலகம் முழுதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து விடும் கார்பனில் 13 முதல் 40 விழுக்காடு. கீழெண்ணுக்கும் மேலெண்ணுக்கும் மூன்று மடங்கு இடைவெளி இருப்பதைக் கவனிக்க வேண்டும். நாடு முழுதும் எவ்வளவு பரப்பு, எத்தனை சாண் ஆழத்துக்கு எரிந்தது என்பதைச் சில இடங்களில் அளந்துதான் ஊகிக்க முடிந்தது.

முனைவர்பட்ட ஆய்வு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் காங்கோ சான்று. லீட்ஸ் பல்கலைக்கழக மாணவியாக கிரேட்டா டார்கி, காங்கோ ஆற்றின் நடுப்படுகையில் இடுப்பளவு நீரிலும் சேற்றிலும் நடந்து மண் துரப்பணக் கோலை இறக்கினார். அவரும் சைமன் லூயிஸும் காங்கோ நாட்டு ஆய்வாளர் இஃபோ சஸ்பென்ஸும் பிறரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே 1,45,500 ச.கி.மீ. பரப்பில் பீட், அதில் 3,060 கோடி டன் கார்பன். தமிழ்நாட்டைவிடப் பெரிய ஒரு கார்பன் கிடங்கு அதுவரை உலக வரைபடத்தில் இல்லை. 2022இல் அதே படுகையின் மண்கோல்களைப் படித்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். ஏறத்தாழ 7,500 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலத்துக்குரிய பீட் அடுக்கே பெரும்பாலும் காணோம். தட்பவெப்பம் வறண்டு நீர்மட்டம் இறங்கியபோது, அப்போது சேர்ந்ததும் முன்பு சேர்ந்ததில் கொஞ்சமும் மட்கிப்போயின. பிறகு மழை திரும்பியது, பீட் மறுபடி வளர்ந்தது. ஹோம் தூண் மனிதன் வடித்ததன் சாட்சி. காங்கோவில் வானமே வடித்திருக்கிறது.

காற்றிலும் ஒரு புதிர் உண்டு. 1999 முதல் 2006 வரை வளிமண்டல மீத்தேன் ஏறாமல் நின்றது. 2007இல் மறுபடி ஏறத் தொடங்கி, 2020, 2021 ஆண்டுகளில் அளவீடு தொடங்கியது முதல் காணாத வேகத்தில் ஏறியது. கூடவே அந்த மீத்தேனில் கார்பன்-13இன் பங்கு குறைந்துவருகிறது. நுண்ணுயிர் வழி வரும் மீத்தேனின் கையொப்பம் அது. மாடு, குப்பைமேடு, நெல்வயல், ஈரநிலம் நான்கும் அதே கையெழுத்துப் போடுகின்றன என்பதுதான் சிக்கல். பலரின் விரல் வெப்பமண்டல ஈரநிலங்களை நோக்கி நீள்கிறது. அங்கே போதிய கருவிகள் இல்லை. வாயு அளக்கும் கோபுரங்களில் பெரும்பான்மை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிற்கின்றன. தேடினால் புதிது கிடைக்கும் என்பதற்குச் சுனிதா பங்கலாவின் வேலையைச் சொல்லலாம். அமேசான் வெள்ளக்காடுகளில் 2,300க்கும் மேற்பட்ட மரங்களின் அடித்தண்டில் பெட்டி பொருத்தி அளந்து, மரங்களே புகைபோக்கிகளாக ஆண்டுக்கு 1.5 முதல் 2.1 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று அவர் குழு 2017இல் எழுதியது. அதுவரை பெரும்பாலோர் நீரின் மேல்தான் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

உவர்நீர்ச் சதுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. கடல்நீரில் சல்ஃபேட் உண்டு. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் மீத்தேன் ஆக்கிகளின் உணவைப் பறித்துவிடும். ஆகவே அலையாத்திக் காட்டில் கார்பனும் சேரும், மீத்தேனும் குறைவு. நீலக் கார்பன் என்று 2009 முதல் பேர்சொல்லிக் கொண்டாடுவது இதைத்தான். ஆற்றுநீர் மிகுந்து உப்புக் குறைந்தால் இந்தச் சலுகை போய்விடும். பிச்சாவரம் போன்ற இடங்களில் முகத்துவாரத்தை விட்டு உள்ளே போகப்போகக் கணக்கு மாறும்.

தமிழ்நாட்டிலும் பீட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில், சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே பள்ளங்களில் கிடக்கிறது. 1993இல் ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் நால்வரும் நீலகிரிப் பீட்டின் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்து வந்த ஆய்வு அந்த ஏட்டை 40,000 ஆண்டுகள் வரை நீட்டியது. வறண்ட காலத்துப் புல்லுக்கு ஒரு விகிதம், மழைக்காலத்துச் செடிகளுக்கு வேறொரு விகிதம். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டு புல் பரந்ததும், பிறகு பருவமழை வலுத்துப் பச்சை மாறியதும் அந்தச் சேற்றில் வரிவரியாக இருக்கிறது. வாட்டில் மரங்களும் யூக்கலிப்டஸும் புல்வெளிக்குள் புகுந்தபின் அந்தப் பள்ளங்களின் நீர் என்ன ஆகிறது என்பதை இனி ஒருவர் உட்கார்ந்து அளக்கத்தான் வேண்டும்.

அளப்பது அற்பக் காரியம் இல்லை என்று இந்தியாவுக்கு நெல் கற்றுக்கொடுத்தது. மனிதன் கட்டிய ஈரநிலம்தானே நெல்வயல். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக மதிப்பிட்டிருந்தது. வேறு நாடுகளின் வயல்களில் அளந்ததை நம் ஏக்கர்க் கணக்கால் பெருக்கிய எண். ஏ.பி. மித்ரா வழிகாட்ட, தேசிய இயற்பியல் ஆய்வகம் 1991இல் நாட்டின் பல பகுதி வயல்களில் பெட்டி கவிழ்த்து அளந்தது. வந்த விடை ஏறத்தாழ 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்குகூடச் சரியாக வரவில்லை! பருவநிலைப் பேச்சுவார்த்தைகள் சூடுபிடித்த நேரம். அந்த எண் திருந்தாமல் இருந்திருந்தால், யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற பேரத்தில் ஏழை உழவர் தலையில் விடிந்திருக்கும்.

பெட்டி கவிழ்ப்பதிலும் கண்ணி பல. சேற்றில் கால் வைத்தாலே குமிழி கிளம்பும். அதற்காகச் சதுப்பில் பலகைப் பாதை போடுகிறார்கள். ஒளிபுகும் பெட்டிக்கு ஒரு கணக்கு, இருட்டுப் பெட்டிக்கு வேறு கணக்கு. பகலில் மட்டும் அளந்தால் இரவு விட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, உதவித்தொகை வருவது சில ஆண்டுகளுக்கு. அதற்குள் மூன்று பருவமழை பார்க்கலாம். ஒன்று பொய்த்து ஒன்று பெருகிவிட்டால் சராசரி என்று எதைச் சொல்வது?

காவிரிப் பாசனத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். வயலில் எப்போதும் நீர் தேக்காமல், கட்டிய நீர் மறைந்தபின் அடுத்த தண்ணீர் விடுவது. நீர் மிச்சமாகும் என்பதற்காகப் பரப்பப்பட்ட முறை. மண்ணுக்குள் காற்று நுழைவதால் மீத்தேனும் வெகுவாகக் குறைகிறது, நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடுகிறது. எப்போது தண்ணீர் விடுவது என்று அறிய, துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை வயலில் புதைத்து வைக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, தரைக்கு 15 செ.மீ. கீழே நீர் இறங்கிவிட்டால் மடை திறக்கலாம். பீட் நிலத்தில் ஆய்வு மாணவர் ஊன்றுவதும் இதே துளையிட்ட குழாய்தான். அவரும் வாரந்தோறும் குனிந்து எட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். வயல்காரர் நீர் இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்; மாணவரோ, அது இறங்கிவிடக் கூடாதே என்று பார்க்கிறார்.